சிவப்பு நூல் கட்டிய இயர்போன்

இப்போதெல்லாம் தெருவில் போகிற ஒருத்தனைக் கூப்பிட்டு நிறுத்த முடியாது. பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பான். ஓடிப்போய்த் தோளைத் தட்டினால், யாரோ சட்டைப் பையில் கைவிட்ட மாதிரி துள்ளி, காதிலிருந்து ஒரு குமிழைப் பிடுங்கிக்கொண்டு "என்ன?" என்பான். விஷயத்தைச் சொன்ன பிறகும் "என்ன?" என்பான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் தனியாகச் சிரிக்கிறான், பாவம் மூளை பிசகிவிட்டதோ என்று நகர்ந்து உட்கார்ந்தால், போனில் யாரோ ஜோக் சொன்னார்களாம். மனிதனுக்கு மனிதன் காது கொடுக்கிற காலம் போய்விட்டது.

இப்படிச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்த பேரிங்கின் காதிலும் ஒரு இயர்போன் இருந்தது என்பது வேறு விஷயம். கேட்டால் அது வேறு, இது வேறு என்பார். மற்றவர்கள் மாட்டிக்கொண்டு திரிவது கடைவாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற குப்பை. ஒரு டீ குடிக்கிற காசுக்கு வாங்குகிற சாமானில் என்ன சத்தம் வந்துவிடும்? அவருடையது பெட்டியில் வந்த கம்பெனி சாமான்.

பேரிங் என்பது அவருக்கு மில் வைத்த பெயர். நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மெஷின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இந்தப் பேரிங் போகப்போகுது" என்பார். உடனே மெஷினை நிறுத்தி மாற்றிவிடுவார்கள். மாற்றிவிடுவதால் அவர் சொன்னது சரியா தப்பா என்று கண்டுபிடிக்க யாருக்கும் வழி இருந்ததில்லை. அதனாலேயே பெயர் நிலைத்துவிட்டது. கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் படிப்பு. டாக்டரை நம்பமாட்டார், பேப்பரை நம்பமாட்டார், கடைக்காரன் தராசைக் கீழே குனிந்து பார்ப்பார். தன் காதை மட்டும் நம்புவார்.

காதுக்கு அடுத்தபடி அவர் நம்பிய ஒரே ஆள் கரண்ட். அதே மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மில்லை விட்டு வந்ததும் தெருமுனையில் ஒரு சின்னக் கடை போட்டு மிக்ஸி, ரேடியோ, டார்ச் லைட் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் சார்ஜர், இயர்போன் எல்லாம் கயிற்றில் தொங்கும்.

பேரிங் மகள் வீட்டில் இருந்தார். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை. பகலில் தூங்குவார். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் அறைக்குள்ளிருந்து ஒரு இருமல் வரும். மாப்பிள்ளை வாய்திறந்து சொல்லமாட்டார், இருமுவதோடு சரி. அந்த இருமலுக்குப் பயந்துதான் பேரிங் இயர்போன் வாங்கப் போனார்.

"அந்தக் கொத்துல ஒண்ணு குடுய்யா" என்றார் கரண்டிடம்.

"அது உனக்கு வேணாம்."

"ஏன், என் காது என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதெல்லாம் தகரம்யா. காதுக்குள்ள கொசுவை விட்ட மாதிரி இருக்கும். காதை வச்சே மில்லுல பொழச்ச ஆளு நீ. உனக்குப் போய் அதைக் குடுப்பனா?"

மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தார். விலையைக் கேட்டதும் பேரிங் பெட்டியைத் திரும்பத் தள்ளி வைத்தார். ஆனால் சொன்னது கரண்ட். வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் அவர் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவளும் மில்காரிதான், நூல் சுற்றும் பிரிவு. "மாப்ளையோடதும் கறுப்பு, உங்களுதும் கறுப்பு. மாத்தி மாட்டிக்கிட்டு அப்புறம் என் உசுர எடுக்காதீங்க" என்று சொல்லி, பழைய டப்பாவிலிருந்து மில்லின் சிவப்பு நூலை எடுத்து, ஒயர் இரண்டாகப் பிரிகிற இடத்தில் சுற்றி முடிந்தாள். ஓடுகிற மெஷினில் நூல் அறுந்தால் இரண்டு விரலாலேயே போடுகிற முடிச்சு அது. போட்ட இடம் தெரியாது. நுனி வெளியே நீட்டாது. அதைப் போட அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே போட்டு முடித்துவிட்டாள்.

பேரிங் பாட்டுக் கேட்டார். பழைய பாட்டு. மத்தளம் நெஞ்சுக்குள் விழுந்தது. பாடுகிறவள் மூச்சை இழுப்பது தெரிந்தது. அடடா என்றார். அதிலிருந்து பேச்சு நிற்கவில்லை. பார்க் பெஞ்சிலும் முடிவெட்டுகிற இடத்திலும் கம்பெனி சாமானின் பெருமைதான். ஒரு நாள் வம்புக்கென்றே மாப்பிள்ளையின் இயர்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். கரண்ட் சொன்னது சொன்னபடி இருந்தது.

"மாப்ள, உங்களுக்குக் காது ரெண்டும் ஒழுங்காத்தானே இருக்கு? இதுல பாட்டு வருதா, கொசு வருதா?"

"எனக்கு நல்லாத்தான் கேக்குது மாமா."

"நல்லதைக் கேட்டிருந்தாத்தானே மாப்ள, உங்களுக்கு இதோட லட்சணம் தெரியும்!"

மாப்பிள்ளை இருமினார்.

அவர் மனைவி போனது ஒரு மழைக்காலத்தில். இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. பேரிங் அழவில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாட்டு ஓடியதா என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு பக்கம் ஊமையானது. கரண்டிடம் கொடுத்தார். சில நாள் கழித்துப் போனபோது கரண்ட் அதை நீட்டினார்.

"உள்ள ஒயரு விட்டிருந்தது. சரியாயிடுச்சு."

அங்கேயே மாட்டிக் கேட்டார் பேரிங். மத்தளம் நெஞ்சில் விழுந்தது. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "பாத்தியா? கம்பெனி சாமான்யா! செத்தாலும் பொழச்சு வருது" என்றார். கரண்ட் குனிந்து எதற்கோ ஈயம் உருக்கிச் சால்டர் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. காசும் வாங்கவில்லை.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னைக்கும் வாங்கின அன்னைக்கு மாதிரியே சத்தம்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பேரிங் காட்டியிருக்கிறார். கரண்ட் "ம்" என்பார். அவ்வளவுதான்.

இடையில் பேரிங்கின் கண்ணில் புரை மூடிக்கொண்டே வந்தது. டாக்டரை நம்பாத மனிதர், பக்கத்து வீட்டு வாசலைத் தன் வீட்டு வாசல் என்று நினைத்து ஏறி, அந்த வீட்டுக்காரி கத்திய பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். கட்டு அவிழ்த்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தவருக்கு எல்லாமே அதிர்ச்சியாக இருந்தது. சுவரில் இவ்வளவு கீறலா. ஃபேன் இறக்கையில் இவ்வளவு அழுக்கா. மகள் தலையில் இவ்வளவு நரையா. இதையெல்லாம் யாரும் தன்னிடம் சொல்லவே இல்லையே என்று முதலில் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பாட்டுக் கேட்கலாம் என்று இயர்போனை எடுத்தார். வெளிச்சம் ஒயர் மேல் விழுந்தது. நூலைப் பார்த்தார்.

நூல் சிவப்புத்தான். ஆனால் மில் நூலின் சிவப்பு இல்லை, வெளுத்த சிவப்பு, தையல் மெஷினில் போடுகிற பளபளப்பு நூல். அதில் ஒரு முடிச்சு, பொட்டலம் கட்டுகிற முடிச்சு, கொண்டை மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு நுனியும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. பேரிங்கின் விரல் நுனியெல்லாம் மில்லிலேயே காய்த்துப் போனவை. இத்தனை காலம் தினமும் தொட்டும் அவருக்குத் தெரிந்ததில்லை.

அவள் சாகும்போதும் இப்படி ஒரு முடிச்சுப் போட்டிருக்கமாட்டாள்.

எழுந்து போய் ஆணியில் தொங்கிய மாப்பிள்ளையின் இயர்போனை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அதே குமிழ். அதே ஒயர். அதே இடத்தில் அதே மாதிரி ஒரு சின்னப் பிசிறு. அவருடையதில் காதுக்குள் போகிற ரப்பர் மட்டும் பெரிது, மாப்பிள்ளையுடையதில் சிறிது. அந்த ரப்பரையும் கழற்றிப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள்.

மாப்பிள்ளை ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இது என்ன?"

"உங்க இயர்போன் மாமா."

"அது?"

"அது என்னுது."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், கொஞ்சம் சொல்லுங்க. எனக்கு இப்பத்தான கண்ணு தெரியுது."

மாப்பிள்ளை சமையலறைப் பக்கம் பார்த்தார். மகள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேஜையில் கிடந்த இரண்டையும் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"அப்பா, முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம்."

"ஓகோ. உனக்கும் தெரியுமா?"

"கரண்ட் மாமாதாம்ப்பா சொல்ல வேணாம்னாரு. அம்மா போன புதுசு. நீங்க இருந்த இருப்பு..."

"நான் கம்பெனி சாமான் கம்பெனி சாமான்னு சொல்லும்போதெல்லாம் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க? அப்புறம் உள்ள போயி சிரிச்சீங்களா?"

"ஐயோ, சிரிக்கலப்பா."

"ஒரே ஒரு தடவைதான் மாமா" என்றார் மாப்பிள்ளை. பொய் சொல்ல வராத மனிதர். மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

பேரிங் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கண்ணில் வெயில் படக்கூடாது என்று டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மகள் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை ஓடிவந்தாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இனிமேல் எதையும் மறைத்துப் பார்ப்பதாக உத்தேசம் இல்லை.

கரண்ட் ஒரு மிக்ஸியின் வயிற்றைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். பேரிங் இயர்போனை அதன் மேலேயே போட்டார்.

"இது யாரோடது?"

"உன்னோடதுதான்."

"என்னோடது எங்க?"

கரண்ட் சால்டர் கம்பியை அதன் ஸ்டாண்டில் வைத்தார். நிமிர்ந்து பேரிங்கின் கண்ணையே கொஞ்சநேரம் பார்த்தார். "ஆபரேஷன் நல்லா பண்ணியிருக்கான் போல" என்றார்.

"யோவ்!"

"செத்துப்போச்சுய்யா. நீ குடுக்கும்போது ஒரு பக்கம்தான் போயிருந்தது. நான் பிரிச்சேன். அதுல நல்லாயிருந்த பக்கமும் போச்சு. மேல் தட்டுல அந்தப் பெட்டி வேற இல்ல. கம்பெனிக்காரன் நிறுத்திட்டான்."

"அதை என்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"தங்கச்சி போயி மாசம் ஆகல. நீ அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்த. தாடி, சட்டை பட்டன் மாறிப் போயிருக்கு, சாப்பிட்டியான்னா தெரியலங்குற. உங்கிட்ட இதுவும் போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வாசல்ல தொங்கினதுல ஒண்ணை எடுத்தேன், உன் ரப்பரைக் கழட்டி இதுல மாட்டினேன். நீ கேட்ட. நல்லாயிருக்குன்ன. அப்புறம் நான் என்னத்த சொல்ல?"

"தகரம்னு நீதான சொன்ன?"

"சொன்னேன்."

"கொசுன்னு சொன்ன."

"விக்கும்போது சொல்றதுய்யா அது. எனக்கும் கடைக்கு வாடகை இருக்குல்ல."

பேரிங் கடைப் பலகையில் கையை ஊன்றினார். ஸ்டூல் பக்கத்தில்தான் இருந்தது. உட்காரவில்லை. "அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா, இல்ல இன்னைக்குச் சொல்றது பொய்யா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லு, நான் போறேன்."

"பாதிப் பாதி. தெருவுல விக்கிறதுல பத்துக்கு அஞ்சு குப்பைதான். மீதி அஞ்சு தேறும். இது தேறின ரகம். சத்தம்ங்கிறது பாதி அந்த ரப்பர்ல இருக்குய்யா. ரப்பர் காதை அடைச்சு உக்காந்தாத்தான் மத்தளம் உள்ள விழும். உன் மாப்ளையோடது உனக்குக் கொசுவா கேட்டுச்சே, ஏன்? அவர் ரப்பர் சின்னது. உன் காது பெருசு. சந்து வழியா மத்தளம் வெளிய போயிருச்சு, மிச்சம் இருந்தது கொசு. ரெண்டும் ஒரே கொத்துல தொங்கினதுதான்."

"கம்பெனிக்காரன் அப்ப எதுக்கு அவ்வளவு வாங்குறான்?"

"மெல்லிசா வர்ற சத்தம் இருக்கு பாரு, சலங்கை, கம்பி உரசுறது, அதுக்குத்தான் வாங்குறான். அது அதுல நல்லா இருக்கும், இல்லைங்கல. ஆனா நீயும் நானும் மில்லுல வெந்த காதுய்யா. மெல்லிசெல்லாம் நமக்கு எப்பவோ போச்சு. இல்லாத காதுக்கு எதுக்கு..."

"என் காதைப் பத்திப் பேசாத."

சொன்ன வேகத்தில் மிக்ஸி மேல் இருந்த திருகாணி ஒன்று உருண்டு கீழே விழுந்தது. கரண்ட் அதைத் தேடவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்க் கொத்திலிருந்து இன்னொரு இயர்போனை அறுத்துக்கொண்டு வந்தார். அதன் ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, பேரிங்குடையதிலிருந்த பெரிய ரப்பரை அதில் பொருத்தினார். "கேளு. நான் சொல்லல, நீயே கேட்டுச் சொல்லு."

பேரிங் கேட்டார். தான் எப்போதும் கேட்கிற பாட்டையே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, மெஷின் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். கொசு வரட்டும் என்று காத்திருந்தார். மத்தளம் வந்தது. தடித்த கம்பியின் அதிர்வு வந்தது. பாடுகிறவள் மூச்சை இழுத்தாள். பாட்டு முடிகிற வரைக்கும் கொசு வரவே இல்லை.

"எப்படி?" என்றார் கரண்ட்.

"இல்ல."

"என்ன இல்ல?"

"மத்தளத்துக்குப் பின்னால ஒண்ணு இருக்கும். அது இல்ல."

"என்னது அது?"

"உனக்குச் சொன்னாப் புரியாது."

"அது இருந்திருந்தா இத்தனை நாளு இதுல கேட்டப்ப இல்லைன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணுமேய்யா!"

பேரிங் குமிழ்களைக் காதிலிருந்து பிடுங்கினார். கோபம் இன்னும் ஏறியது. இவன் சொல்வது உண்மையென்றால் இத்தனை காலம் தன் காது தன்னை ஏமாற்றியிருக்கிறது. பொய்யென்றால் இவன் ஏமாற்றியிருக்கிறான். எப்படித் திருப்பிப் போட்டாலும் நம்பியிருந்த இரண்டில் ஒன்று போகிறது. இவனைப் போகவிடுவதுதான் சுலபமாக இருந்தது.

"என்னோடதை எங்க போட்ட?"

"செத்துப்போனதைத்தான் சொல்றேனே..."

"செத்தா என்ன? எங்க போட்ட? அதுல நூல் இருந்தது."

"நூலா? அடையாளத்துக்குக் கட்டியிருந்தியே, அதுவா? அதை அவுத்து இதுல கட்டலாம்னு பாத்தேன். முடிச்சு எங்க இருக்குன்னே தெரியல. சரின்னு கடையில கெடந்த தையல் நூலை..."

"அது அவ கட்டினது."

கரண்ட் மிக்ஸியை ஓரமாகத் தள்ளினார். பலகைக்கு அடியில் குனிந்து, செத்த சாமான்கள் போட்டுவைக்கிற வாளியை இழுத்து, அப்படியே தரையில் கொட்டினார். ஒயர், பிளக், உடைந்த சார்ஜர், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு பெரிய கூடு மாதிரி விழுந்தது. இரண்டு பேரும் குத்தவைத்து உட்கார்ந்து பிரித்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. கரண்ட் கைக்கு வந்ததையெல்லாம் இழுத்து இழுத்து இன்னும் சிக்கலாக்கினார்.

"பாத்து இழுய்யா, அறுத்துடாத" என்றார் பேரிங்.

அவர் கண்ணில்தான் முதலில் பட்டது. கறுப்பு ஒயர்களுக்குள்ளே கருஞ்சிவப்பாக ஒரு சுற்று. மெதுவாக உருவி எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நூலைக் கண்ணுக்கு அருகில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி திருப்பினார். கடுகை விடச் சின்னதாக, அழுக்கேறி, அந்த முடிச்சு அங்கேதான் இருந்தது.

கரண்ட் பின்னால் வந்து நின்றார். "எனக்குத் தெரியாதுய்யா. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா அதைத் தொட்டே இருக்கமாட்டேன்."

"உனக்குத் தெரியாததே இல்லைன்னு நெனச்சிருந்தேன்."

"சரி, திட்டு. இந்தப் புதுசையாவது எடுத்துட்டுப் போ. அந்த நூலு பத்திரமா வீட்ல இருக்கட்டும், இதுல பாட்டுக் கேளு. காசெல்லாம் வேணாம்."

"அதை நீயே மாட்டிக்க."

புது இயர்போனிலிருந்த பெரிய ரப்பர் இரண்டையும் பேரிங் பிடுங்கினார். தன் செத்த இயர்போனில் ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினார். ஒன்று நழுவி விழுந்தது. எடுத்து ஊதித் துடைத்து மாட்டினார். பிளக்கைச் சட்டைப் பையிலிருந்த போனில் சொருகினார். பாட்டை வைத்தார். குமிழ்களைக் காதில் திணித்தார்.

"அதுல ஒண்ணும் கேக்காதுய்யா" என்றார் கரண்ட்.

"கம்பெனி சாமான் கம்பெனி சாமான்தான்."

சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். ரப்பர் காதை அடைத்துக்கொண்டதில் தெருவின் சத்தமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடித்து ஏதோ திட்டினான், வாய் மட்டும் அசைந்தது. மத்தளமும் இல்லை, கொசுவும் இல்லை.

பின்னாலிருந்து கரண்ட் கூப்பிட்டார். முதலில் "பேரிங்" என்று, அப்புறம் "யோவ்" என்று, அப்புறம் மில்லில் சேருவதற்கு முன்னால் அவருக்கு இருந்த சொந்தப் பெயரைச் சொல்லி. எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அது அவருக்குக் கேட்கத்தான் செய்தது.

திரும்பவில்லை. தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்.